பெயருக்கு விலை போடும் சந்தை



இருபது ஆண்டுகளாக ரயில்வே பார்சல் ஆபீசில் உட்கார்ந்து ரசீது எழுதுகிறவன் நான். அந்த நாற்காலி எனக்கு ஒரு பாடத்தைக் கற்றுக் கொடுத்திருக்கிறது. மூட்டையின் மேல் பெயர் இருந்தால் அது உடையவனுக்குச் சொந்தம். பெயரும் மார்க்காவும் அழிந்து போனால்தான் அது கேட்பாரற்ற சரக்கு. காத்திருந்து பார்த்து, ஆள் வராவிட்டால் ஏலம். இந்த நியாயம் பத்தாவது வரை படித்த எனக்கும் தெரியும். எழுத்தே தெரியாமல் மூட்டை தூக்குகிற தோழனுக்கும் தெரியும்.

ஆனால் இந்த நியாயம் தலைகீழாக நிற்கும் சந்தை ஒன்று உலகத்தில் இருக்கிறது. அங்கே சாமானின் மேல் பெயர் இல்லாவிட்டால் சொற்ப விலை. பெயர் இருந்தால் பல மடங்கு விலை! உடையவன் யார் என்று நன்றாகத் தெரிந்த பிறகுதான் ஏலமே சூடு பிடிக்கிறது. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் வரலாற்று ஆர்வம்!

அந்தச் சந்தையின் சரக்கு ஒன்று போன மாதம் நம் சங்கத்து வாசகசாலை மேசைக்கே வந்து சேர்ந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வெல்வெட் பெட்டிக்குள் ஒரு பில்லை

கொண்டு வந்தவர் வெளியாள் அல்ல. நம் தோழர் ஒருவரின் மகன். தகப்பனார் நாற்பது ஆண்டு மும்பையில் பிட்டராக உழைத்துப் படிக்க வைத்த பிள்ளை. கம்பெனி வேலையாக அமெரிக்கா போய் வந்தவர், வெல்வெட் வைத்த சின்னப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே நம் பழைய ஓட்டைக் காலணா அகலத்தில் ஒரு பித்தளை வில்லை. ஒரு பக்கம் கழுகு முத்திரை. மறு பக்கம் ஓர் ஆளின் பெயர், கம்பெனி எழுத்து, ரெஜிமெண்ட் எண், ஊர்.

"அண்ணாச்சி, இது சும்மா பித்தளை இல்ல. ஆளு யாருன்னு தெரிஞ்ச சாமான். பட்டாளத்துப் பதிவேட்டுல இந்தப் பேரு இருக்கு. காகிதத்தோட வாங்கியிருக்கேன். இன்னும் பத்து வருஷம் வச்சிருந்தா வெலை எங்கேயோ போயிடும்" என்றார்.

சுற்றி நின்ற வாலிபர்கள் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். "என்ன விலை?" என்று கேட்டார்கள். "யார் அந்த ஆள்?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்குச் சுருக்கென்று தைத்தது அதுதான்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது என் பெயர் அல்ல, எடுத்து வீச. ஆனால் அந்த வில்லை எப்படிப் பிறந்தது, யார் கழுத்தில் கிடந்தது என்ற கதையை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அது கூலிக்காரன் கதை. நம் கதைக்கு ரொம்பத் தூரமில்லை.

அரசு கொடுக்காத பெயர்

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் மோதிக் கொண்டன. அடிமை முறையைக் கட்டிக் காக்கத் தெற்கு மாநிலங்கள் பிரிந்து போயின. அதில் மூண்டது போர். செத்தவர்கள் 6 லட்சத்து 20 ஆயிரம் என்று நெடுங்காலம் கணக்குச் சொன்னார்கள். 7 லட்சத்தையே தொடும், தாண்டும் என்கின்றன அண்மைக்கால ஆய்வுகள். இரு பக்கமும் துப்பாக்கி தூக்கியவர்களில் பெரும்பாலோர் யார்? விவசாயி, பண்ணை ஆள், தச்சன், கொல்லன், கப்பலேறி வந்த அயர்லாந்துக்காரன், ஜெர்மன்காரன். பிழைக்க வந்த இடத்தில் சாகப் போனவர்கள்!

இவர்கள் உடம்பில் இருந்த சாமான்களைத்தான் இன்று சேகரிக்கிறார்கள். 'யு.எஸ்.' என்று எழுதிய முட்டை வடிவப் பெல்ட் கொக்கி, தோட்டாப் பெட்டியின் பித்தளைத் தகடு, தொப்பியில் குத்திய கம்பெனி எழுத்து, அதிகாரியின் தோள்பட்டைச் சின்னம், கழுகு பொறித்த பொத்தான், தண்ணீர்க் குடுவை. 1863-ல் தளபதி ஹூக்கர் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு சின்னம் வைத்தார். ஒன்றுக்கு வட்டம், ஒன்றுக்குப் பிறை, ஒன்றுக்கு நட்சத்திரம் என்று துணியில் வெட்டித் தொப்பியில் தைத்தார்கள். எந்தப் பிரிவின் ஆள் என்று தூரத்திலிருந்தே மேலதிகாரிக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

கவனியுங்கள். கொக்கியில் அரசின் பெயர். பொத்தானில் அரசின் கழுகு. தொப்பியில் படைப்பிரிவின் அடையாளம். சிப்பாயின் பெயர் எங்கே? எங்குமே இல்லை!

பெயர்ப் பில்லை கொடுக்கும் வழக்கம் அந்தப் பட்டாளத்தில் கிடையாது. கொடுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லையா? சொன்னார்கள். 1862-லேயே நியூயார்க் ஆசாமி ஒருவர், ஒவ்வொரு சிப்பாய்க்கும் பெயர் பொறித்த வில்லை செய்து தருகிறேன் என்று போர்த்துறைக்கு எழுதினார். போர்த்துறை மறுத்துவிட்டது. பீரங்கிக்குக் காசு இருந்தது, குதிரைக்குக் காசு இருந்தது, சாகிறவன் பெயருக்குக் காசில்லை! அமெரிக்கத் தரைப்படை பெயர் வில்லைக்கு உத்தரவு போட்டது 1906-ல். போர் முடிந்து 41 ஆண்டுகள் கழித்து!

அதுவரை சிப்பாய் என்ன செய்தான்? பட்டாளத்தோடு கூடவே கடை போட்டுக்கொண்டு வந்த வியாபாரியிடம் சொந்தக் காசு கொடுத்துப் பெயர் அடித்த வில்லை வாங்கினான். மாதம் 13 டாலர் சம்பளத்தில், அதுவும் மாதக் கணக்கில் பாக்கி விழும் சம்பளத்தில், வாங்கினான். வாங்க முடியாதவன் தோள்பையிலும் பெல்ட்டின் உட்புறத்திலும் கத்தியால் கீறினான். 1864 ஜூனில் கோல்டு ஹார்பர் என்ற இடத்தில், மறுநாள் தாக்குதலில் பிழைக்க மாட்டோம் என்று தெரிந்த சிப்பாய்கள் முந்திய நாளே காகிதத் துண்டில் பெயரும் ஊரும் எழுதிச் சட்டையின் முதுகில் குத்திக் கொண்டார்கள். தளபதி கிராண்டின் உதவியாளர் ஹொரேஸ் போர்ட்டர் இதை நேரில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்.

தாய்மார்களே, எண்ணிப் பாருங்கள். முதுகில் ஏன் குத்திக் கொண்டான்? குப்புற விழுந்தால் தெரிய வேண்டும் என்று! தன் பிணத்துக்குத் தானே முகவரி எழுதினான் அந்த ஏழை. பணம் சேர்க்கவா எழுதினான்? பிற்காலத்தில் எவனாவது கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்றா எழுதினான்? அம்மாவுக்குத் தகவல் போய்ச் சேர வேண்டும் என்று எழுதினான். பார்சல் குமாஸ்தா பாஷையில் சொன்னால், சேர வேண்டிய இடத்தை எழுதிய சரக்கு அது. வழியில் மறித்து ஏலம் போட எவனுக்கும் உரிமையில்லை!

எண் மட்டும் மிஞ்சியவர்கள்

பெயர் இல்லாதவர்கள் என்ன ஆனார்கள்? போர் முடிந்த பின் வடக்குப் படையின் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட சடலங்களைத் தோண்டி எடுத்துத் தேசியக் கல்லறைகளில் மறுபடி அடக்கம் செய்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பெயர் தெரியவில்லை. விக்ஸ்பர்க் கல்லறையில் மட்டும் சுமார் 17 ஆயிரம் பேரில் 13 ஆயிரம் பேர் பெயரற்றவர்கள். அவர்கள் தலைமாட்டில் சின்னச் சதுரக் கல். அதில் ஒரு எண். அவ்வளவுதான்! ஆர்லிங்டன் கல்லறையில் 2,111 பேரின் எலும்புகளை ஒரே குழியில் இட்டு 1866-ல் மூடினார்கள்.

இந்த இருட்டில் விளக்குப் பிடித்தது யார்? ஒரு குமாஸ்தா! இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கிறது.

டாரன்ஸ் அட்வாட்டர் என்ற கனெக்டிகட் மாநிலத்து வாலிபன். பதினாறு வயதில் பட்டாளத்தில் சேர்ந்து 1863-ல் பிடிபட்டு, ஆண்டர்சன்வில் சிறை முகாமில் அடைபட்டான். அங்கே போன சுமார் 45 ஆயிரம் கைதிகளில் 13 ஆயிரம் பேர் பட்டினியிலும் வயிற்றுப்போக்கிலும் செத்தார்கள். சாகிறவர்கள் பெயரை எழுதும் வேலையை அவனிடம் கொடுத்தார்கள். எழுதினான். ஆனால் ரகசியமாக இன்னொரு பிரதியும் எழுதி, தன் உடையோடு மறைத்து வெளியே கொண்டு வந்தான். அந்தப் பட்டியலை வைத்துத்தான் அங்கே 460 கல்லறைகள் தவிர மற்ற அத்தனைக்கும் பெயர் போட முடிந்தது.

அதற்கு அரசு கொடுத்த பரிசு என்ன தெரியுமா? பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டார்கள். அதை அவன் மீட்டு எடுத்தபோது திருட்டு என்று வழக்குப் போட்டுச் சிறையில் தள்ளினார்கள்! வெளியே வந்தவன் என்ன செய்தான்? அதிக விலை கேட்டவனுக்கு விற்றானா? இல்லை. 1866-ல் பத்திரிகை அச்சகத்தின் மூலம் வெளியிட்டான். ஒவ்வொரு தாயும் தன் மகன் எந்த எண் குழியில் கிடக்கிறான் என்று பார்த்துக்கொள்ளும்படி செய்தான்.

அவனோடு ஆண்டர்சன்வில் போய்க் கல்லறைகளுக்குப் பெயர்ப் பலகை நட்டவர் கிளாரா பார்ட்டன் அம்மையார். வாஷிங்டனில் ஒரு மாடி அறையில் காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகம் நடத்தி, 63 ஆயிரம் கடிதங்களுக்கு மேல் பார்த்து, 22 ஆயிரம் பேருக்கு என்ன ஆயிற்று என்று கண்டுபிடித்துச் சொன்னவர். பெயரைத் தேடுவது என்றால் இதுதான் தோழர்களே. பெயரைக் குடும்பத்திடம் கொண்டு போய்ச் சேர்ப்பது ஒரு தொழில். பெயரைக் கொண்டு விலையை ஏற்றுவது இன்னொரு தொழில். இரண்டையும் ஒன்று என்று சொல்கிறவன் நம்மை ஏய்க்கிறான்.

இரண்டு முறை ஏலம்

இன்னொரு கொடுமையைக் கேளுங்கள். வடக்குப் படையில் ஏறத்தாழ 1 லட்சத்து 79 ஆயிரம் கறுப்புச் சிப்பாய்கள் இருந்தார்கள். பெரும்பாலோர் அடிமைகளாக இருந்து வந்தவர்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு 13 டாலர், அதற்கு மேல் உடுப்பு. கறுப்புச் சிப்பாய்க்கு 10 டாலர், அதிலும் உடுப்புக்கென்று 3 டாலர் பிடித்தம். மிச்சம் 7! மாசசூசெட்ஸ் 54-வது ரெஜிமெண்ட் தோழர்கள் என்ன செய்தார்கள்? சம சம்பளம் கொடுக்கும் வரை ஒரு காசும் வாங்க மாட்டோம் என்று ஓராண்டுக்கு மேல் சம்பளத்தையே மறுத்தார்கள். சம்பளம் வாங்காமலே வாக்னர் கோட்டையில் போய்ச் செத்தார்கள். 1864 ஜூனில்தான் சம சம்பளச் சட்டம் வந்தது. தொழிற்சங்கச் சரித்திரத்தில் எழுத வேண்டிய போராட்டம் இது!

அந்தக் கறுப்புச் சிப்பாய்களின் பெயர் தாங்கிய சாமான் கிடைப்பது அரிது. அரிது என்றால் சந்தைக்குக் கொண்டாட்டம். விலை இன்னும் ஏறும். முன்பு அவனையே மேடையில் நிறுத்தி ஏலம் விட்டார்கள். இன்று அவன் பெயரை ஏலம் விடுகிறார்கள். ஒரு மனிதனை எத்தனை தடவை விற்பது என்று கேட்கிறேன்!

மேதாவிகளின் மறுப்பு

"நாங்கள் சேகரிக்காவிட்டால் இதெல்லாம் உருக்கிப் போயிருக்கும்" என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். சேகரித்தவர்களிலும் நல்லவர்கள் உண்டு. ஒரு குடும்பம் தான் சேர்த்த சுமார் 700 சிப்பாய்ப் புகைப்படங்களை 2010-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குச் சும்மா கொடுத்தது. 54-வது ரெஜிமெண்டை நடத்தி வாக்னர் கோட்டையில் மாண்ட கர்னல் ஷாவின் வாள், அவர் குடும்பத்து வழியினர் வீட்டிலிருந்து கிடைத்தபோது, 2017-ல் மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இவர்களுக்கு நம் வணக்கம். ஆனால் காப்பாற்றியதற்கு அத்தாட்சி எது? கடைசியில் ஊருக்குக் கொடுத்தானா, தன் பீரோவில் பூட்டினானா என்பதுதான். ஊருக்கே காட்டாமல் பூட்டி வைத்து, விலை ஏறியதும் கைமாற்றுவதற்குக் காப்பாற்றுதல் என்றா பெயர்? பதுக்கல் என்று பெயர்!

"மண்ணுக்குள் கிடப்பதை எடுத்தால் யாருக்கு நஷ்டம்?" என்கிறார்கள். ஆன்டிடம் என்ற போர்க்களத்தில் 1862 செப்டம்பர் 17-ந் தேதி ஒரே நாளில் சுமார் 23 ஆயிரம் பேர் சாவும் காயமுமாக விழுந்தார்கள். 2008-ல் அங்கே நடந்து போன ஒருவர் கண்ணில், ஒரு பிராணி தோண்டிய வளைக்குப் பக்கத்தில் எலும்புத் துண்டு பட்டது. அவர் அதிகாரிகளிடம் சொன்னார். ஆராய்ச்சிக்காரர்கள் கவனமாகத் தோண்டியதில் நியூயார்க் மாநிலப் பொத்தான்கள் கிடைத்தன. அந்தப் பொத்தான்களை வைத்துத்தான் அந்த இளைஞன் எந்த மாநிலத்தவன் என்று தெரிந்தது. 2009-ல் சொந்த மாநிலத்துக்குக் கொண்டு போய் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். 147 ஆண்டு கழித்து ஊர் திரும்பினான்!

உலோகம் காட்டும் கருவியோடு ஒரு வேட்டைக்காரன் முந்திக்கொண்டிருந்தால்? பொத்தான் கடைக்குப் போயிருக்கும்; எலும்பு காட்டிலேயே கிடந்திருக்கும். அரசு நிலத்தில் இப்படித் தோண்டுவது 1979 சட்டப்படி குற்றம். ஆனால் தனியார் நிலத்தில் உடைமைக்காரன் சம்மதித்தால் போதும். சட்டத்துக்கு வேலி வரைதான் கண்; மனச்சாட்சிக்குமா வேலி?

"பெயர் இருந்தால் ஆள் இன்னார் என்று நிச்சயம்" என்கிறார்கள். அதுவும் நிச்சயமில்லை! ஹன்லி என்ற தெற்குப் படை நீர்மூழ்கி 1864 பிப்ரவரியில் எட்டுப் பேரோடு கடலில் முழுகியது. 2000-ல் தூக்கினார்கள். மறு ஆண்டு உள்ளே ஒருவர் எலும்புகளோடு ஒரு பெயர் வில்லை கிடைத்தது. எஸ்ரா சேம்பர்லின், கனெக்டிகட் 7-வது ரெஜிமெண்ட். அதாவது வடக்குப் படைச் சிப்பாய்! எதிரிக் கப்பலுக்குள் எப்படி வந்தான்? வரவில்லை. அவன் 1863 ஜூலையிலேயே வாக்னர் கோட்டைத் தாக்குதலில் செத்துவிட்டான். அவன் வில்லை எப்படியோ கைமாறித் தெற்குப் படைக்காரர் ஒருவர் கழுத்துக்கு வந்திருக்கிறது. ஆக, சேகரிப்பு அன்றைக்கே, போர்க்களத்திலேயே தொடங்கிவிட்டது. பெயர் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம்! சேம்பர்லின் எதற்காக அந்த வில்லையை வாங்கினானோ, அது நிறைவேறவில்லை.

இதற்கு மேல் போலி வேறு. பெயருக்குக் கூடுதல் விலை என்றால் வெறும் சாமானில் பெயர் பொறிக்க ஆள் வராமலா இருப்பான்? பழைய பித்தளை, பதிவேட்டிலிருந்து எடுத்த உண்மையான சிப்பாய் பெயர், புதுப் பொறிப்பு. ஏமாறாதே என்று அந்தச் சந்தைக்காரர்களே ஒருவரையொருவர் எச்சரித்துக் கொள்கிறார்கள். ஆக, ஆள் செத்தும் அவன் பெயருக்குக் கூலியில்லா வேலை!

நாம் என்ன செய்வது?

அந்தத் தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். முகம் சுண்டிப் போயிற்று. "காசு கொடுத்து வாங்கினது அண்ணாச்சி, திருடலையே" என்றார். திருடவில்லைதான். அவரை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. அவர் செய்யக்கூடிய காரியம் மூன்று சொன்னேன். வில்லையின் இரண்டு பக்கத்தையும் படம் பிடித்து, அதில் எழுதியிருக்கும் ஊரின் வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பட்டும். வம்சத்தார் இருக்கிறார்களா என்று கேட்கட்டும். இருந்தால் அவர்களுக்கு, இல்லாவிட்டால் அந்த ஊருக்கு, கொடுத்துவிடட்டும். பெட்டியை மூடிக்கொண்டு போனார். பதில் இன்னும் வரவில்லை. வரும் என்று நம்புகிறேன். அவர் நம் தோழரின் பிள்ளை.

ஆனால் தோழர்களே, அடுத்தவன் பித்தளையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு நம் பித்தளையை மறந்தால் நானும் மேதாவி ஆகிவிடுவேன்.

ஸ்டேஷன் போர்ட்டர் தோழன் கையில் கட்டுகிற பில்லையைப் பாருங்கள். எண் இருக்கிறது; பெயர் இல்லை. தகப்பன் கையிலிருந்து மகன் கைக்கு வந்த பில்லைகளை நான் பார்த்திருக்கிறேன். எண் அதே எண். சுமந்து தேய்ந்த தோள்கள் இரண்டு. 1982 ஜனவரி 18-ந் தேதி தொடங்கிய வேலைநிறுத்தத்தில் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளிகள் வெளியே வந்தார்கள். அதோடு வாழ்க்கை சிதறிப் போன குடும்பங்கள் நம் சாலிலேயே எத்தனை! அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் மில் பாஸும் டோக்கனும் கிடக்கின்றன. பழைய இரும்பு, பித்தளைக்காரன் எடைக்குக் கேட்கிறான்; கொடுத்தும் விடுகிறோம். நாளை எவனாவது அதையும் வெல்வெட் பெட்டியில் வைத்து, "ஆள் யார் என்று தெரிந்தால் விலை கூடும்" என்று நம் பிள்ளைகளிடமே கேட்பான். அப்போது ஆள் யார் என்று சொல்ல நம்மில் யார் இருப்போம்?

ஊரை விட்டு வந்தவன் இங்கே கண் மூடினால், இவன் இன்னார், இன்ன ஊர், இன்னார் மகன் என்று சொல்ல நாலு பேர் வேண்டும் என்பதற்காகத்தானே நம் முன்னோர் சங்கம் கண்டார்கள்? முதுகில் காகிதம் குத்திக்கொண்ட அந்தச் சிப்பாய்க்கு இல்லாமல் போனது அந்த நாலு பேர்தான்.

ஆகவே அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க வாசகசாலையில் ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் விரித்து உட்கார்ந்திருப்பேன். வீட்டில் இருக்கிற பில்லை, டோக்கன், மில் பாஸ், பழைய சம்பளச் சீட்டு எதுவானாலும் கொண்டு வாருங்கள். சங்கம் அதை வாங்காது, வைத்துக்கொள்ளாது. எழுதிக்கொண்டு உங்கள் கையிலேயே திருப்பிக் கொடுப்போம். எண், பெயர், தகப்பன் பெயர், சொந்த ஊர், வேலை பார்த்த இடம், வந்த ஆண்டு, போன ஆண்டு. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் வாயால் சொன்னால் போதும். இரண்டு பிரதி எடுப்போம். ஒன்று சங்கத்தில், ஒன்று யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கும்படி வாசகசாலை மேசையில். பூட்டு கிடையாது.

பித்தளையை யார் வேண்டுமானாலும் எடை போடட்டும். பெயரை நாம் எழுதி வைப்போம்!